கரண்டைக்கால் சுளுக்கு: தடவுவதற்கு முன் நான்கு அடி நடந்து பாருங்கள்

தென்காசி வட்டாரத்தில் ஜூன் மாதம் சாரல் விழத் தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை குற்றாலத்தில் கூட்டம் குறையாது. கேரளத்திலிருந்து ஆரியங்காவு, கோட்டைவாசல் வழியாக மலையிறங்கி வருபவர்கள் முதலில் கால் வைக்கும் தமிழக ஊர் புளியறை. அங்கிருந்து செங்கோட்டை, அதைத் தாண்டினால் ஐந்தருவி, பேரருவி, பழைய குற்றாலம். கடையநல்லூர், வடகரை, அச்சன்புதூர், தென்காசி என்று நம் குடும்பங்கள் நிறைந்த ஊர்களெல்லாம் இதே மலையடிவாரத்தில்தான் இருக்கின்றன. விடுமுறையில் ஊர் வரும் வளைகுடாச் சகோதரர்களும் பிள்ளைகளோடு ஒரு நாளாவது அருவிக்குப் போய்வரவே விரும்புவார்கள்.

இந்த நான்கு மாதங்களில் இப்பகுதி வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு, "கால் பிரண்டுட்டு" என்பது. பாசி படிந்த பாறை, ஈரமான படிக்கட்டு, எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்கள் நடந்து வழுவழுப்பான தரை, வயல் வரப்பு, வாலிபால் மைதானம், ஏன், வீட்டு முற்றத்திலேயே கூட ஒரு நொடியில் கால் மடங்கிவிடும். மருத்துவமனைக்கு வரும் விளையாட்டுக் காயங்களில் உலகம் முழுவதும் முன்வரிசையில் நிற்பது கரண்டைக்கால் சுளுக்குதான்.

சுளுக்குக்காக யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. சூடாக ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் போட்டு, தடவுபவரிடம் காட்டி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதுதான் நம் வீடுகளின் பழக்கம். பெரும்பாலான சுளுக்குகள் எப்படியும் ஆறிவிடுவதால் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. ஆனால் இரண்டு இடங்களில் அது நம்மைக் கைவிடுகிறது. ஒன்று, எலும்பு முறிந்திருந்தும் அதைச் சுளுக்கு என்று நினைத்துத் தடவிவிடுவது. மற்றொன்று, வீக்கம் வடிந்ததும் குணமாகிவிட்டது என்று விட்டுவிட்டு, அதே கால் திரும்பத் திரும்பப் பிரளும்படி ஆக்கிக்கொள்வது. இந்தக் கட்டுரை முக்கியமாக இந்த இரண்டைப் பற்றியதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது?

உளூச் செய்யும்போது கழுவும் கரண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் ஒரு மொழி, வெளிப்பக்கம் ஒரு மொழி துருத்திக்கொண்டிருக்கும். வெளிமொழி உள்மொழியைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருப்பதையும் விரலால் உணரலாம். அதனால் பாதம் வெளிப்பக்கம் மடங்குவதை எலும்பே தடுத்துவிடும். உள்பக்கம் மடங்குவதற்கு அந்த அளவு தடை இல்லை. அதைப் பிடித்து நிறுத்துவது வெளிமொழிக்கு முன்னும் கீழும் பின்னும் உள்ள மூன்று இணைப்புநார்கள், அதாவது லிகமென்ட்டுகள். சுளுக்கு என்பது இவை அளவுக்கு மீறி இழுபடுவது அல்லது கிழிவது. நரம்பு பிரண்டுவிட்டது, நரம்பு ஏறிவிட்டது என்று நாம் சொன்னாலும் நரம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எலும்போ நரம்போ இடம் மாறியிருந்தால்தானே அதைத் தடவி இடத்தில் சேர்க்க முடியும்? கிழிந்த நாரை எந்த விரலாலும் ஒட்டவைக்க முடியாது. அது தானாகத்தான் ஆற வேண்டும்.

படியிறங்கும்போது ஏன் அதிகமாகக் கால் பிரள்கிறது என்பதற்கும் உடலமைப்பிலேயே விடை இருக்கிறது. கணுக்கால் மூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எலும்பு முன்பக்கம் அகலமாகவும் பின்பக்கம் ஒடுங்கியும் இருக்கும். பாதம் தரையில் முழுதாகப் பதிந்திருக்கும்போது அகலமான பகுதி மூட்டுக்குள் இறுகப் பொருந்தியிருக்கும். குதிகாலைத் தூக்கி விரல்களைக் கீழே நீட்டும்போது ஒடுங்கிய பகுதி வந்து மூட்டு லேசாகத் தளரும். படியிறங்கும்போதும், குதித்துத் தரையைத் தொடும்போதும், உயரக் குதிகால் செருப்பில் நடக்கும்போதும் கால் அந்தத் தளர்ந்த நிலையில்தான் இருக்கிறது. வாலிபாலில் வலைக்கடியில் அடுத்தவர் பாதத்தின் மேல் இறங்குபவருக்குக் கால் பிரள்வதும் இதனால்தான்.

மருத்துவர்கள் சுளுக்கை மூன்று நிலைகளாகச் சொல்வார்கள். நார் இழுபட்டிருந்தால் முதல் நிலை, லேசான வீக்கம் இருக்கும், நொண்டியாவது நடக்கலாம். பாதி கிழிந்தால் இரண்டாம் நிலை, வீக்கத்தோடு நீலம் பாரித்துப்போகும். முழுதும் அறுந்தால் மூன்றாம் நிலை, கால் ஊன்ற முடியாது, மூட்டு ஆடும். அடிபட்ட அன்று வீக்கமும் வலியும் அதிகமாக இருப்பதால் எந்த நிலை என்று மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம். நான்கைந்து நாள் கழித்து மறுபடி பார்த்தால் தெளிவாகத் தெரியும். "ஐந்து நாள் கழித்து வாங்க" என்று மருத்துவர் சொன்னால் அது அலட்சியத்தால் சொன்னதல்ல.

முறிவா, சுளுக்கா?

கரண்டைக்காலில் அடிபட்டு மருத்துவமனைக்கு வருபவர்களில் எலும்பு முறிந்திருப்பவர்கள் 100-க்கு 15 பேர்கூட இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று கண்டறியும் எளிய சோதனை ஒன்றை 1992-ல் வெளியிட்டார்கள். ஒட்டாவா விதிகள் என்ற பெயரில் இன்று பல நாடுகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். கருவி எதுவும் வேண்டாம், வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

முதலில் நடை. அடிபட்ட உடனே நான்கு அடி வைக்க முடிந்ததா? இப்போது முடிகிறதா? நொண்டி நொண்டி வைத்தாலும் சரி, ஒவ்வொரு காலிலும் இரண்டு முறை எடை தாங்கினால் போதும். அப்போதும் முடியவில்லை, இப்போதும் முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது எலும்பின் மேல் அழுத்திப் பார்ப்பது. வெளிமொழியின் நுனியிலும், அதன் பின்விளிம்பில் மேல்நோக்கி சுமார் 6 சென்டிமீட்டர் வரையிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்மொழியிலும் அப்படியே செய்யுங்கள். பிறகு சுண்டுவிரலிலிருந்து பாதத்தின் வெளியோரமாகப் பின்னோக்கி வந்தால் பாதி தூரத்தில் ஒரு எலும்புமுடிச்சு தட்டுப்படும். அங்கும், அதற்கு நேர் எதிரே உள்பக்க வளைவின் மேல் துருத்தியிருக்கும் எலும்பிலும் அழுத்துங்கள். இந்த நான்கு இடங்களில் ஏதாவது ஒன்றில் எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தால் எக்ஸ்ரே தேவை. வெளிமொழிக்கு முன்னால் உள்ள மெத்தென்ற பள்ளத்தில் மட்டும் வலி இருந்து, நடக்கவும் முடிந்தால் அது பெரும்பாலும் சுளுக்குதான்.

சுண்டுவிரல் பக்கத்து முடிச்சைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கால் உள்பக்கம் மடங்கும்போது அங்கே ஒட்டியிருக்கும் தசைநார் எலும்பின் நுனியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடுவது உண்டு. அடிபட்டவருக்குக் கரண்டை வலிப்பது போலவே இருக்கும். தடவுபவரின் கை முதலில் போவதும் அங்கேதான்.

இந்தச் சோதனையை நம்பக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு எலும்பு முறிந்தாலும் வலி தெரியாது, நடந்துகொண்டே இருப்பார்கள். சிறு பிள்ளைகள் எங்கே வலிக்கிறது என்று சரியாகச் சொல்ல மாட்டார்கள். அதோடு, வளரும் வயதில் எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு இணைப்புநாரைவிடப் பலவீனமானது. பெரியவர்களுக்கு நார் கிழியும் அதே அடியில் பிள்ளைகளுக்கு எலும்பு விட்டுப்போகலாம். பதினைந்து, பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் கரண்டை வீங்கிக் கால் ஊன்ற மறுத்தால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் நேரே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே நல்லது.

கால் கோணலாகத் தெரிந்தாலோ, பாதம் சில்லிட்டு வெளுத்தாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, தோல் கிழிந்து எலும்பு தெரிந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். காலை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். புளியறை, செங்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அருகில் செங்கோட்டை அரசு மருத்துவமனை இருக்கிறது. எலும்பு மருத்துவர் பார்க்க வேண்டியிருந்தால் தென்காசி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். இன்னும் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

முதல் மூன்று நாட்கள்

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல். இந்த நான்கையும் சேர்த்து 1978-ல் எழுதிப் பிரபலமாக்கியவர் கேப் மிர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே அதைப் பின்பற்றிக்கொண்டிருந்தபோது, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கமும் சூடும் உடலின் பழுதுபார்க்கும் வேலையின் ஒரு பகுதி என்பது இப்போதைய புரிதல். அதனால் ஐஸ் கூடாது என்று பொருளல்ல. அது வலியைக் குறைக்கத்தான், காயத்தை ஆற்ற அல்ல.

வலி அதிகமாக இருந்தால் ஐஸ் கட்டிகளை ஈரத் துண்டில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். இரண்டு மணி நேர இடைவெளி விட்டு மறுபடி வைக்கலாம். முதல் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தேவைப்படாது. ஐஸை நேராகத் தோலில் வைத்தால் தோல் கருகிப்போகும். உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகளுக்கு ஐஸும் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.

கிரேப் பேண்டேஜ் கட்டும்போது விரல் பக்கத்திலிருந்து தொடங்கி, கரண்டையை எட்டுப் போலச் சுற்றி மேலே வர வேண்டும். கட்டிய பிறகு கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு வினாடிக்குள் சிவந்தால் சரி. தாமதமானாலோ, விரல் குறுகுறுத்தாலோ கட்டு இறுகியிருக்கிறது, அவிழ்த்துக் கட்டுங்கள். இரவில் கழற்றிவிடலாம். படுக்கும்போது காலின் கீழ் இரண்டு தலையணை வைத்து நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள். வீட்டுக்கு வருபவர்களுக்கு மரியாதையாகக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால் வீக்கம் வடியாது. நோய் விசாரிக்க வருபவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வலிக்குப் பாரசிட்டமால் போதும். பெரியவர்களுக்கு 500 அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில். டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் போன்றவற்றை மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வழக்கம் நம்மிடம் அதிகம். குடல் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவர் சொல்லாமல் அவற்றைத் தொடவே கூடாது. வலிக்கும் இடத்தில் தடவும் டைக்ளோஃபினாக் ஜெல், மாத்திரையைவிட ஆபத்துக் குறைவானது, வலியையும் ஓரளவு குறைக்கும். ரமலானில் கால் பிசகினால் இஃப்தாருக்குப் பிறகும் சஹரிலும் மாத்திரை எடுத்து, பகலில் காலை உயர்த்தி வைத்தாலே லேசான சுளுக்குகள் தாங்கக் கூடியவைதான். முடியாத நிலையில் நோயாளிக்கான சலுகை இருக்கிறது.

எண்ணெயும் கட்டும் தடவுதலும்

எல்லையோரத்தில் வாழ்வதால் நமக்கு இரண்டு பக்கத்து வைத்தியமும் பழக்கம். கேரளத்து முறிவெண்ணெய் இல்லாத வீடு இப்பகுதியில் குறைவு. மூசாம்பரப் பற்று, மஞ்சள் சுண்ணாம்புப் பற்று, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் சேர்த்த கட்டு, நொச்சியிலை ஒத்தடம், புளியிலையை வேகவைத்து ஒத்தடம் என்று பட்டியல் நீளும். புளியறை என்ற பேரிலேயே புளி இருக்க, இதற்கு மட்டும் பஞ்சமா என்று கேட்பார்கள்!

இவற்றில் பலவற்றால் கெடுதல் இல்லை. மூன்று நான்கு நாள் கழித்து, வீக்கம் குறையத் தொடங்கியபின் இளஞ்சூட்டில் ஒத்தடம் கொடுத்தால் இறுக்கம் தளர்ந்து அசைக்கச் சுகமாக இருக்கும். எண்ணெயை மேலோட்டமாகப் பூசலாம். ஆனால் முதல் 48 முதல் 72 மணி நேரத்தில் சூடும் வேண்டாம், அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். உள்ளே கிழிந்த சிறு ரத்தக்குழாய்கள் அப்போதுதான் மூடிக்கொண்டிருக்கும். அதைக் கிளறினால் வீக்கம் இரட்டிப்பாகும். சுண்ணாம்பு கலந்த பற்று சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும், குறிப்பாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு.

காலைப் பிடித்து 'சொடக்' என்று இழுப்பது மட்டும் எந்த நாளிலும் வேண்டாம். பாதி கிழிந்த நார் முழுதாக அறுந்துபோகவும், விலகாமல் நின்ற முறிவு விலகிப்போகவும் அந்த ஒரு இழுப்பு போதும். இழுத்தபின் வலி குறைந்தது என்று சிலர் சொல்வதை நான் மறுக்கவில்லை. லேசான சுளுக்கு இழுக்காவிட்டாலும் அந்த வாரத்தில் குறைந்திருக்கும்.

ஆந்திரத்துப் புத்தூரின் எலும்புக் கட்டு தென்னிந்தியா முழுவதும் பெயர் பெற்றது. இன்று பல ஊர்களில் புத்தூர் கட்டு என்ற பெயர்ப்பலகை தொங்குகிறது. எங்கே கட்டினாலும் சரி, முதலில் எக்ஸ்ரே எடுத்து முறிவு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். மூங்கில் தப்பை வைத்து இறுகக் கட்டி, அதன் மேல் வீக்கமும் ஏறினால் ரத்த ஓட்டம் நின்று விரல்கள் கறுத்துப்போகும். காலையே எடுக்க வேண்டிய நிலைமைக்குக் கொண்டுபோன கட்டுகளைப் பற்றி எலும்பு மருத்துவர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். கட்டியபின் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், "முதல் நாள் அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் அவிழ்த்துவிடுங்கள். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்குப் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பட்டம் பெற்றவர்கள் பார்க்கிறார்கள்.

தொழுகையும் உளூவும்

சுளுக்கு விஷயத்தில் நம் குடும்பங்களுக்கென்று ஒரு தனிக் கேள்வி உண்டு. பொதுவான மருத்துவக் கட்டுரைகளில் இதற்குப் பதில் கிடைக்காது.

அத்தஹிய்யாத்து இருப்பில் இடது பாதத்தைப் படுக்கவைத்து அதன் மேல் உட்கார்கிறோம். அப்போது இடது காலின் விரல்கள் பின்னோக்கி நீண்டு, பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும். மேலே சொன்ன சுளுக்கு ஏற்படும் திசையும் இதேதான். அதன் மேல் உடலின் எடையும் சேர்கிறது. ஆகவே இடது கரண்டை பிசகியவர் வழக்கம்போல உட்கார்ந்து தொழுதால், ஆறிவரும் நாரை ஒரு நாளைக்குப் பல முறை மறுபடி இழுக்கிறார். வலது கால் பிசகியவருக்கு இந்த ஆபத்துக் குறைவு. ஆனால் விரல்களை ஊன்றி நிறுத்துவதும் ஸஜ்தாவிலிருந்து எழுவதும் வலிக்கும். கடைசி இருப்பில் இடது பாதத்தை வலப்பக்கம் வெளியே நீட்டி உட்காருபவர்களுக்கும் இடது கரண்டையின் நிலை ஏறக்குறைய இதுதான்.

முதல் வாரம் நாற்காலியில் அமர்ந்தோ, தரையில் காலை நீட்டியோ தொழுவதில் கூச்சப்பட எதுவும் இல்லை. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரையிலிருந்து பேரீச்ச மரத்தின் அடிப்பாகத்தில் விழுந்து காலில் பிசகு ஏற்பட்டபோது, ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் தங்கி உட்கார்ந்தே தொழுத செய்தி ஜாபிர் (ரலி) வழியாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. நிற்க முடிந்தவர் நின்று, இருப்பை மட்டும் நாற்காலியில் வைத்துக்கொள்வது போன்ற விவரங்களை உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த அசைவு வலிக்கிறது என்பதைத் தெளிவாகச் சொன்னால் அவரும் தெளிவாகச் சொல்வார்.

உளூவைப் பொறுத்தவரை, கிரேப் பேண்டேஜ் கழற்றி மாட்டக்கூடியது. கழற்றிக் காலைக் கழுவுவதால் சுளுக்குக்கு எந்தக் கெடுதலும் இல்லை. துடைத்து ஈரம் போனபின் கட்டுங்கள், ஈரத்தோடு கட்டினால் தோல் வெந்துபோகும். மாவுக்கட்டு போட்டிருந்தால் அது நனையவே கூடாது. அதன் மேல் மஸஹ் செய்வதற்கு மார்க்கத்தில் அனுமதி இருக்கிறது, முறையில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. பள்ளியின் ஹவுள் படிக்கட்டைச் சில வாரங்களுக்குத் தவிர்த்து, உட்கார்ந்து கழுவும் குழாயைப் பயன்படுத்துங்கள். ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலை வாஷ்பேசினில் தூக்கி வைப்பது நல்ல கால் உள்ளவர்களையே விழவைக்கும்.

உம்ராவுக்குப் பயணச்சீட்டு எடுத்தபின் கால் பிசகியவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். ஸஃயி மட்டுமே சுமார் 3 கிலோமீட்டர் நடை, தவாஃப் தனி. நடுத்தரச் சுளுக்கு என்றால் ஆறு வாரமாவது ஆகாமல் அந்த நடை வேண்டாம். தள்ளிப்போட முடியாவிட்டால் அங்கே சக்கர நாற்காலி கிடைக்கிறது.

வீக்கம் வடிந்தபின்தான் வேலை தொடங்குகிறது

பலரும் தவறவிடுவது இந்தப் பகுதியை. நார் ஆறும்போது அதற்குள் இருந்த உணர்வு நுனிகள் மங்கிப்போகின்றன. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி அனுப்புபவை அவை. செய்தி தாமதமாவதால், கால் லேசாக மடங்கும்போது சட்டென்று நேராக்கும் அனிச்சைச் செயலும் தாமதமாகிறது. அதனால் மறுபடி பிரள்கிறது. ஒருமுறை சுளுக்கு வந்தவர்களில் 40 விழுக்காடு வரை கால் நிலையில்லாமல் ஆடும் தொல்லைக்கு ஆளாவதாக ஆய்வுகள் சொல்கின்றன. "என் கால் அப்படித்தான், அடிக்கடி பிரளும்" என்பவர்கள் இவர்கள். பல ஆண்டுகள் இப்படியே போனால் மூட்டுத் தேய்மானம் வரும்.

இதற்கு மருந்து மாத்திரை கிடையாது. பயிற்சிதான். முழு ஓய்வு இரண்டு மூன்று நாளுக்கு மேல் வேண்டாம். வலி பொறுக்கும் அளவுக்கு, தேவைப்பட்டால் ஊன்றுகோல் அல்லது வாக்கர் உதவியுடன், குதிகாலை முதலில் ஊன்றி இயல்பாக நடக்கப் பழக வேண்டும். விதிவிலக்கு, கடுமையான சுளுக்கு. கால் ஊன்றவே முடியாத சுளுக்குக்கு முழங்காலுக்குக் கீழே 10 நாள் மாவுக்கட்டு போட்டவர்கள், மீள்தன்மைக் குழாய்க் கட்டு மட்டும் போட்டவர்களைவிட மூன்று மாத முடிவில் நன்றாகத் தேறியிருந்ததாக 2009-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஆகவே கடுமையான சுளுக்குக்கு மருத்துவர் பத்து நாள் கட்டுப் போடச் சொன்னால் மறுக்க வேண்டாம். ஒன்றரை மாதம் கட்டுப் போடச் சொன்னால் முறிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்தே படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம், ஒரு தடவைக்கு இருபது முறை. பிறகு கட்டைவிரலைப் பேனாவாக நினைத்துக் காற்றில் எழுதுவது. எழுத்துகளைக் காலால் எழுதப் பலருக்கு மனம் வராது, 1 முதல் 10 வரை எண்களை எழுதினால் போதும். உட்கார்ந்து காலை நீட்டி, பாதத்தில் துண்டை மாட்டி நம் பக்கம் இழுப்பது கெண்டைக்கால் இறுக்கத்தைத் தளர்த்தும். இரண்டாம் வாரத்தில் பழைய சைக்கிள் டியூப் ஒன்றைக் கட்டில் காலில் கட்டி, பாதத்தை அதற்கு எதிராக வெளிப்பக்கம் தள்ளுங்கள். கரண்டையை வெளியிலிருந்து காக்கும் தசைகள் இதனால் பலம் பெறும். சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவதும் சேரட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒற்றைக் காலில் நிற்பது. வலியில்லாமல் நடக்க முடிந்த நாளிலிருந்து, அருகில் சுவரோ மேசையோ இருக்க, அடிபட்ட காலில் மட்டும் 30 வினாடி நில்லுங்கள். எளிதானதும் கண்ணை மூடி நில்லுங்கள். அதுவும் எளிதானதும் மடித்த தலையணை மேல் நில்லுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், ஆறு முதல் எட்டு வாரம். பல் துலக்கும்போதே பாதி நேரத்தை முடித்துவிடலாம். செலவே இல்லாத இந்தப் பயிற்சி மறுசுளுக்கைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரங்கள் இருக்கின்றன. இதை எட்டு வாரம் விடாமல் செய்பவர்கள்தான் குறைவு.

நாள் கணக்குக் கேட்பவர்களுக்கு: லேசானது ஒன்றிரண்டு வாரம், நடுத்தரம் மூன்று முதல் ஆறு வாரம், முழுதும் அறுந்தது மூன்று மாதம் வரை. உள்ளே நார் முழுப்பலம் பெற அதற்கும் மேல் பல மாதங்கள் ஆகும். விளையாடும் பிள்ளைகள் அடிபட்ட காலில் மட்டும் பத்து முறை துள்ள முடிந்து, எட்டு வடிவில் ஓடித் திரும்ப முடிந்தபின் மைதானத்துக்குப் போகலாம். முதல் ஆறு மாதமாவது விளையாடும்போது கயிறு கட்டும் கணுக்கால் உறை போடட்டும். ஆறு வாரம் கழிந்தும் வீக்கமோ வலியோ இருந்தால், அல்லது மூட்டு சிக்கிக்கொள்வது போலிருந்தால், எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். எம்ஆர்ஐ தேவைப்படுவது அப்போதுதான், முதல் வாரத்தில் அல்ல. நடமாட முடியாத பெரியவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் வசதி உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள். கூச்சத்தால் பயிற்சியையே விட்டுவிடும் சகோதரிகள் இருக்கிறார்கள்.

வளைகுடாவுக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு ஒரு குறிப்பு. மாவுக்கட்டு போட்ட 48 மணி நேரத்துக்குள் விமானம் ஏற நேர்ந்தால், வீக்கத்துக்கு இடம் கொடுத்துக் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்லுங்கள், விமான நிறுவனத்துக்கும் முன்பே தெரிவியுங்கள். கரண்டையை விட்டு மேலே கெண்டைக்காலில் புதிதாக வீக்கமும் வலியும் வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ அது ரத்தக்கட்டாக இருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அருவிக் கரையில்

குற்றாலத்தில் குளிக்கும்போது தேய்ந்த ரப்பர் செருப்போடு பாறையில் ஏற வேண்டாம். பின்வார் உள்ள, அடிப்பக்கம் வரி வரியாக வெட்டிய செருப்பு நல்லது. நனைந்த புர்காவின் கீழ்விளிம்பு கனத்துக் காலில் சுற்றிக்கொள்ளும், சற்று உயர்த்திப் பின் குத்திக்கொண்டால் நடக்க எளிது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்குபவருக்குத் தன் பாதம் தெரியாது, முன்னால் ஒருவர் இறங்கட்டும். எண்ணெய் தேய்த்தவர்கள் உள்ளங்காலைச் சீயக்காயால் கழுவிவிட்டு நடந்தால் அவர்களுக்கும் பின்னால் வருபவர்களுக்கும் நல்லது.

அப்படியும் கால் பிரண்டால், வலியோடு எழுந்து வண்டிவரை நடக்க முயல வேண்டாம். கூட்டத்திலிருந்து விலகி உட்கார்ந்து, அருவியின் வேகம் இல்லாத ஓரத்தில் தேங்கிய குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் காலை வைத்திருங்கள், கையில் ஐஸ் இல்லாத குறையை அது தீர்க்கும். பிறகு எலும்பை அழுத்திப் பார்த்து, நான்கு அடி வைத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் துண்டையோ துப்பட்டாவையோ எட்டு வடிவில் கட்டி, சீசன் காலப் பணியில் நிற்கும் காவலர்களிடமோ தீயணைப்பு வீரர்களிடமோ சொன்னால் கீழே இறக்கிவிட உதவுவார்கள். அங்கிருந்து தென்காசி மருத்துவமனை சில கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.